ஜூரி வேறு, நடுவர் வேறு, தேர்வுக் குழு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடக்கலை படிக்கிற என் அண்ணன் மகள் போன மாதம் ஒரு நாள் காலையில் கண் சிவக்க, தலையைக்கூட வாராமல், கக்கத்தில் சுருட்டிய தாள்களும் கையில் அட்டையில் ஒட்டிச் செய்த கட்டட மாதிரியுமாக வாசலில் நின்றாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இன்னிக்கு ஜூரி இருக்கு சித்தப்பா, எதுவும் இறங்காது" என்றாள். உங்கள் நாளிதழை விரித்து வைத்திருந்த என் அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஜூரியா? அதைத்தான் நம்ம நாட்டுல எப்பவோ எடுத்துட்டாங்களே, என்ன கேசும்மா?" என்று நிஜமாகவே பதறிக் கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். மாணவர்கள் போட்ட வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு நிற்க வேண்டும். பாடம் நடத்துகிறவர்களும் வெளியிலிருந்து வரும் ஒன்றிரண்டு கட்டடக் கலைஞர்களும் எதிரே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் ஜூரி. அப்பா விடவில்லை. பேப்பரைத் திருப்பி, "அப்ப இது என்ன?" என்று காட்டினார். வெளிநாட்டுச் செய்தியில் ஒருவருக்கு "நடுவர் குழு தண்டனை விதித்தது" என்று இருந்தது. மருத்துவப் பக்கத்தில், ஏதோ புது மருந்து பலன் தருமா தராதா என்பதில் "நடுவர் குழு இன்னும் வெளியே உள்ளது" என்று இருந்தது. "எங்க போயிருக்காங்களாம்?" என்றார்.

நான் மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைக்கிறவன். பாதி நாள் ஒப்பந்தங்களோடும் நீதிமன்றக் காகிதங்களோடும்தான் போகும். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தகராறு, ஜூரி என்பதற்குப் பத்திரிகைகள் போடுகிற "நடுவர்" என்ற சொல்லோடுதான். நல்ல சொல், ஆனால் பாவம், அதன் தலையில் எத்தனை மூட்டைதான் ஏற்றுவது? பட்டிமன்றத்தில் நடுவில் உட்கார்ந்து இரண்டு அணியையும் கலாய்ப்பவர் நடுவர். கிரிக்கெட்டில் விரலைத் தூக்குபவர் நடுவர். மாஜிஸ்திரேட்டைக் குற்றவியல் நடுவர் என்கிறோம். காவிரிப் பிரச்சினைக்குப் போட்டது நடுவர் மன்றம். பாட்டுப் போட்டியில் மதிப்பெண் போடுபவரும் நடுவர். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: விஷயம் தெரிந்தவர், அந்த வேலைக்கென்று அமர்த்தப்பட்டவர். நீதிமன்ற ஜூரி என்பது வழக்கைக் கேட்டு நடந்தது என்ன என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கிற குழு, அதில் இருப்பவருக்கு இது இரண்டுமே பொருந்தாது. அவர் பஸ் ஓட்டுநராக இருக்கலாம், பல் மருத்துவராக இருக்கலாம், நேற்றுதான் வேலை போனவராகவும் இருக்கலாம். வாக்காளர் பட்டியல் மாதிரியான ஒன்றிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுத்து, கடிதம் போட்டு, வா என்றால் வந்துதான் ஆக வேண்டும். வழக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவரை "நடுவர்" என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் கறுப்பு அங்கி போட்ட பன்னிரண்டு அதிகாரிகள்தான் வந்து உட்காருவார்கள்.

ஜூரி என்ற சொல்லின் வேரே வேறு. லத்தீனில் சத்தியம் செய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, சத்தியம் செய்து உட்கார்ந்தவர்கள் என்பதுதான் அந்தச் சொல். தீர்ப்பு சொல்கிறவர்கள் என்ற பொருள் வேரில் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆரம்ப காலத்து ஜூரர்கள் விஷயம் தெரிந்தவர்களாகத்தான் இருந்தார்கள். 1166-ல் இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி, ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் பன்னிரண்டு பேர் வந்து, எங்கள் பக்கத்தில் இன்னார் கொலைகாரன், இன்னார் திருடன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்று ஆணை போட்டார். அக்கம்பக்கத்து சங்கதி தெரிந்தவர்கள்தானே அதைச் சொல்ல முடியும்? அப்படிக் கை காட்டப்பட்டவன் குற்றவாளியா இல்லையா என்பதைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோ பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்லியோ கண்டுபிடித்தார்கள். 1215-ல் போப் கூட்டிய மாநாடு, பாதிரியார்கள் இந்தச் சோதனைகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்துவிட்டது. இரும்பு போனது. அதற்கு மாற்றாக எதையாவது வைத்தாக வேண்டுமே, அக்கம்பக்கத்தாரையே கேட்போம் என்று பிறந்ததுதான் இன்று நாம் சினிமாவில் பார்க்கிற விசாரணை ஜூரி.

போகப் போக அது அப்படியே தலைகீழானது. இன்று வழக்கைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவரையும் சம்பந்தப்பட்டவர்களுக்கு வேண்டியவரையும் முதலிலேயே கழித்துவிடுவார்கள். உட்கார்ந்த பிறகு தானாகத் தேடிப் படிப்பதும் குற்றம். இங்கிலாந்தில் 2011-ல் ஒரு பெண் ஜூரர், அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவரோடு ஃபேஸ்புக்கில் பேசியதற்காக எட்டு மாதம் சிறைக்குப் போனார்.

சரி, "நடுவர் குழு தண்டனை விதித்தது" என்ற செய்திக்கு வருகிறேன். இது பெரும்பாலும் தப்பு. நடந்தது என்ன என்று சொல்வதுதான் ஜூரியின் வேலை. இவன் சுட்டானா, வேண்டுமென்றே சுட்டானா, அவ்வளவுதான். சட்டம் என்ன, எத்தனை வருடம் என்பதெல்லாம் பொதுவாக நீதிபதியின் பாடு (அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குகளில் ஜூரியையும் கேட்பார்கள், அது தனிக் கதை). இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணமே கையில் இருக்கிறது, டொனால்ட் டிரம்ப் வழக்கு. 2023 மார்ச் 30-ம் தேதி நியூயார்க்கில் ஒரு ஜூரி அவர் மீது குற்றம் சாட்டியது. 2024 மே 30-ம் தேதி வேறு ஒரு ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்றது. 2025 ஜனவரி 10-ம் தேதி நீதிபதி, சிறையும் இல்லை அபராதமும் இல்லை என்று சொல்லி வழக்கை முடித்தார். மூன்று தேதி, மூன்று வேலை, மூன்று தரப்பு. முதல் செய்தி வந்த அன்றே "டிரம்ப் குற்றவாளி, நடுவர் குழு தீர்ப்பு" என்று எனக்கு மூன்று பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இரண்டாவது வந்தபோது, "இதைத்தான் போன வருஷமே சொல்லிட்டாங்களே" என்றார்கள் அதே மூன்று பேர்.

அந்த முதல் ஜூரிக்கு ஆங்கிலத்தில் கிராண்ட் ஜூரி என்று பெயர். கிராண்ட் என்றதும் நம் ஆட்கள் "உயர்மட்ட நடுவர் குழு", "மாபெரும் நடுவர் மன்றம்" என்றெல்லாம் எழுதுகிறார்கள், ஏதோ சாதாரண ஜூரிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அப்பீல் கோர்ட் மாதிரி. அது பிரெஞ்சில் பெரியது என்பதற்கான சொல், அதாவது தலை எண்ணிக்கை பெரியது. நியூயார்க்கில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள். விசாரணை ஜூரியில் 12 பேர்தான், அதனால் அது பெட்டி ஜூரி (petit, பிரெஞ்சில் சின்னது). மதிப்பில் கூடக்குறைய எதுவும் இல்லை. இன்னும் சொன்னால் அந்தப் பெரிய ஜூரி செய்வதுதான் சின்ன வேலை. கதவைச் சாத்திக்கொண்டு அரசு வழக்கறிஞர் காட்டுவதைப் பார்ப்பார்கள். எதிர்த்தரப்பு அங்கே நின்று வாதாட முடியாது. வழக்கு நடத்தும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி, 12 பேர் ஆமாம் என்றால் போதும். அரசு வழக்கறிஞர் நினைத்தால் ஒரு ஹாம் சாண்ட்விச் மீதுகூடக் குற்றச்சாட்டு வாங்கிவிடலாம் என்று நியூயார்க்கின் தலைமை நீதிபதியாக இருந்த சால் வாக்ட்லரே 1985-ல் கிண்டலாகச் சொன்னார். இங்கிலாந்து இதை 1933-லேயே கிட்டத்தட்ட மூட்டை கட்டிவிட்டது. எனவே கிராண்ட் ஜூரி செய்தி வந்தால் "குற்றச்சாட்டு பதிவு" என்று போடுங்கள். தீர்ப்பு என்ற சொல் அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது.

சிவில் வழக்கு ஜூரியிலும் இதே குழப்பம். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனை 1995-ல் இரட்டைக் கொலை வழக்கில் ஒரு ஜூரி விடுதலை செய்தது. அதே சாவுகளுக்காக இறந்தவர்களின் குடும்பத்தார் போட்ட சிவில் வழக்கில் 1997-ல் இன்னொரு ஜூரி அவரைப் பொறுப்பாக்கி 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. கொலையும் ஒன்று, ஆளும் ஒருவர், முடிவு மட்டும் எப்படி இரண்டு? முதல் வழக்கில் நியாயமான சந்தேகம் ஒன்று இருந்தாலே விட்டுவிட வேண்டும். இரண்டாவதில் எந்தப் பக்கத் தட்டு கொஞ்சம் தாழ்கிறது என்று பார்த்தால் போதும். "குற்றவாளி" என்ற சொல் முதல் வகைக்கு மட்டும் சொந்தம். இரண்டாவதில் அதை எழுதினால் அந்த மனிதர் உங்கள் மீதே மான நஷ்ட வழக்கு போடலாம். அப்புறம், விடுதலையானவரையெல்லாம் "நிரபராதி" என்று எழுதுவதும் அவசரம்தான், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதோடு ஜூரி நிறுத்திக்கொள்கிறது.

இவ்வளவு சொல்கிறேனே, ஜூரி மீது எனக்குப் பெரிய பக்தி என்று நினைக்க வேண்டாம். ஆனால் 1670-ல் லண்டனில் நடந்த ஒன்றை நினைக்கும்போதெல்லாம் ஒரு மரியாதை வரும். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென் என்ற இளைஞர் (பிற்பாடு பென்சில்வேனியாவை நிறுவியவர்) தெருவில் நின்று பிரசங்கம் செய்தார், சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டினார் என்று வழக்கு. பன்னிரண்டு பேரும் கூடிப் பேசிவிட்டு வந்து, தெருவில் பேசியது உண்மை என்று மட்டும் சொன்னார்கள், அதற்கு மேல் குற்றம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நீதிபதிகளுக்குக் கோபம். நாங்கள் ஏற்கும்படியான முடிவு வரும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளிர்காய நெருப்பில்லை, புகையிலை இல்லை என்று உள்ளே போட்டுப் பூட்டினார்கள். இரண்டு ராத்திரி. சிறுநீர் கழிக்க ஒரு சட்டி கேட்டும் கொடுக்கவில்லை என்று அந்தக் காலத்துக் குறிப்பு சொல்கிறது. வெளியே வந்த ஜூரி, முன்பு சொன்னதைவிட ஒரு படி மேலே போய், குற்றவாளி இல்லை என்று தெளிவாகவே சொன்னது. ஜூரர்களுக்கு ஆளுக்கு 40 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) அபராதம். அவர்களில் எட்வர்ட் புஷெலும் வேறு சிலரும் கட்ட மாட்டோம் என்று சிறைக்குப் போய், அங்கிருந்தே மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூரர் சொன்ன முடிவுக்காக அவரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் சொன்னது அந்த வழக்கில்தான். வழக்கு பென்னுடையது, சட்டப் புத்தகத்தில் நின்ற பெயர் புஷெலுடையது.

இதன் மறுபக்கமும் உண்டு. தனக்குச் சமமானவர்கள் தன்னை விசாரிக்க வேண்டும் என்பதுதான் ஜூரிக்குச் சொல்லப்படும் நியாயம். 1908-ல் பாலகங்காதர திலகரை ராஜத்துரோக வழக்கில் விசாரித்த ஜூரியில் ஒன்பது பேர், அதில் ஏழு பேர் ஐரோப்பியர்கள். குற்றவாளி என்று ஏழுக்கு இரண்டு கணக்கில் முடிவு வந்தது. எந்த ஏழு, எந்த இரண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் இன்னமும் சட்டத்தில் ஜூரி இருக்கிறது, ஏழு பேர், அங்கத்தியத் தமிழ்ப் பத்திரிகைகள் "ஜூரிகள் சபை" என்றே எழுதுகின்றன. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் ஜூரி குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தபோது எழுந்த கேள்வியும் அந்தச் "சமமானவர்கள்" என்ற சொல்லைப் பற்றியதுதான்.

இந்தியாவில் ஜூரி என்றால் எல்லோரும் நானாவதி என்பார்கள். கடற்படை அதிகாரி, மனைவியின் காதலனைச் சுட்டது 1959-ல். ஒன்பது பேர் ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். அதை ஏற்காத நீதிபதி வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை வந்தது, 1961-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதோடு இந்தியாவில் ஜூரி முறையே ஒழிந்தது என்பது நம் ஊடகங்கள் ஓயாமல் சொல்லும் கதை, உங்கள் ஞாயிறு மலரிலும் படித்திருக்கிறேன். ஆனால் சட்ட ஆணையம் ஜூரியை எடுத்துவிடலாம் என்று 1958-லேயே, அதாவது அந்தத் துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தைய வருடமே எழுதிக் கொடுத்துவிட்டது. நானாவதிக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தது. 1973-ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோதுதான் குற்ற வழக்குகளில் முழுசாகப் போனது. அதற்குப் பிறகும் ஒரு மூலையில் அதன் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: பார்சிகளின் திருமணச் சட்டப்படி விவாகரத்து வழக்குகளில் நீதிபதியோடு அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பிரதிநிதிகள் என்ற பெயரில் உட்காருவார்கள்.

என் அப்பா தலைமுறைக்கு ஜூரி என்றால் நானாவதி இல்லை, பாகவதர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-ல் சென்னையில் ஜூரி முன்னால்தான் நின்றார்கள். குற்றவாளி என்றது ஜூரியின் பெரும்பான்மை, தண்டனை கொடுத்தது நீதிபதி. அன்றைக்கு அப்பீலின் கடைசிப் படியான லண்டன் ப்ரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி, 1947-ல்தான் விடுதலை. இதைப் பற்றி வருகிற கட்டுரைகளில் "நீதிபதி குற்றவாளி என்றார்" என்று ஒருவரும், "ஜூரி ஆயுள் தண்டனை கொடுத்தது" என்று இன்னொருவரும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் வேலை ஆள் மாறிப் போயிருக்கிறது.

விருதுக் குழு, திரைப்பட விழா, கட்டடக்கலைக் கல்லூரி ஜூரி எல்லாம் இந்தச் சொல்லின் இரவல் பொருள். இங்கே யாரும் சத்தியம் செய்வதில்லை, குலுக்கலிலும் வருவதில்லை. நீதிமன்றத்தில் தெரியாதவர் என்பதற்காகத் தேர்ந்தெடுப்பார்கள், இங்கே தெரிந்தவர் என்பதற்காக. இதற்குத் "தேர்வுக் குழு" என்ற சொல் தமிழில் ஜோராக இருக்கிறது, அதையே போடலாம். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் மட்டும் ஒரு சிக்கல்: அங்கே எல்லாப் பரிசையும் கொடுப்பது ஜூரிதான், ஆனால் ஒரு பரிசுக்குப் பெயரே ஜூரி பரிசு. தங்கப் பனை, அடுத்து கிராண்ட் பிரீ, அதற்கடுத்துத்தான் இது. பெயரைப் பார்த்து "நடுவர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த படம்" என்று எழுதினால் மூன்றாவது வந்தவர் முதலாவதாகிவிடுவார்.

நீதிமன்ற ஜூரிக்குத் தமிழ்ச் சொல் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். சான்றாயம், அறங்கூறாயம் என்றெல்லாம் முயன்றிருக்கிறார்கள். அறங்கூறவையம் என்பது சங்க இலக்கியத்திலேயே வருகிற அழகான சொல்தான், ஆனால் அது நீதி சொல்லத் தெரிந்த பெரியவர்களின் அவை. குலுக்கலில் வந்த பன்னிரண்டு பேருக்கு அதைச் சூட்டினால் பழைய வம்பே திரும்பும். ஜூரி என்றே இருக்கட்டும், தனி ஆளை ஜூரர் என்போம், நம் பழைய பேப்பர்கள் அப்படித்தான் எழுதின. அவர்கள் சொல்வது முடிவு, நீதிபதி எழுதுவது தீர்ப்பு. ஒத்துப்போகவே முடியாமல் பிரிந்துவிட்டால் தொங்கு ஜூரி என்று போடலாம், தொங்கு சட்டசபை தெரிந்த வாசகருக்கு இது புரியாதா என்ன? ஆனால் அதை "விடுதலை" என்று போடாதீர்கள், மறுபடி முதலிலிருந்து விசாரணை வரலாம். மருத்துவப் பக்கத்தில் வெளியே போன அந்த நடுவர் குழு விஷயம் இதுதான், ஓர் ஆங்கிலச் சொலவடையை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள்: ஜூரர்கள் தனி அறைக்குப் போயிருக்கிறார்கள், இன்னும் முடிவோடு திரும்பவில்லை. "இன்னும் முடிவாகத் தெரியவில்லை" என்று போட்டிருந்தால் என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

பி.கு.: இவ்வளவு பேசிய நானும் யோக்கியன் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கப்பல் காப்பீட்டுக் காகிதத்தை மொழிபெயர்த்தேன். புயலில் பாய்மரம் முறிந்து, மாலுமிகள் கையில் கிடைத்த கட்டையை நட்டு ஒப்பேற்றிக்கொண்டு கரை சேர்ந்த கதை. இப்படித் தற்காலிகமாக நடுகிற மரத்துக்கு ஆங்கிலக் கப்பல்காரர்கள் ஜூரி மாஸ்ட் என்பார்கள். கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அந்த ஜூரி எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே உறுதியாகச் சொல்வதில்லை. நான் மளமளவென்று "நடுவர் கம்பம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அங்கிருந்து ஒருவர் போன் செய்து, "சார், கப்பல்ல நடுவர் எந்தப் பக்கம் உட்காருவாரு?" என்று கேட்டார்.